ஓட்டைக்கல் சுவர்

ஆலடிப்பத்து,
25.1.2025

என் கண்ணு பிருந்தாவுக்கு ஆச்சி ஆவுடைத்தாய் எழுதுவது.

நேற்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாஸ்தா கோயில் முன்னால் நின்றவர்கள் பேரை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு எவனும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. பாசனச் சங்கத் தலைவன் உன் அப்பா சிவசண்முகம். மேலத்தெரு குமரகுருபரன். தேவதாசன் வாத்தியார். உரக்கடை முகம்மது இப்ராஹிம். பெண்களில் நானும் தையல்கார ஸ்டெபியும். எல்லோருக்கும் நடுவில், வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடுகிற லஸ்கர் அப்பாத்துரை.

கடைமடையில் நெல் பால் பிடிக்கிற நேரம். நம் வயலும் வெடித்துக் கிடக்கிறது. ஆனால் ஷட்டருக்குக் கீழே சர்க்கார் கட்டின அளவுத் தொட்டியில் நட்டிருக்கிற அளவுகோல் நிறையத் தண்ணீர் காட்டுகிறது. கோலை நம்பி, உங்கள் பங்கு வந்துவிட்டது என்று பொதுப்பணித்துறைக்காரர்கள் எங்கள் முறையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள். தொட்டியில் இருக்கிற தண்ணீர் வயலுக்கு வரவில்லை என்றால் நடுவில் எவனோ வாழைத்தோப்புக்காரர்களுக்கு விற்கிறான், அது அப்பாத்துரைதான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

"ஏலே, வாழைக்காரன்கிட்ட கைநீட்டிட்டு இங்கன வந்து நிக்கியா? சாமி முன்னால சூடத்தை அணைச்சுச் சொல்லு பாப்பம்!" என்று குமரகுருபரன் கத்தினான்.

அப்பாத்துரை உன் அப்பாவைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அப்படிப்பட்டவனா?" என்றான். உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எரிகிற சூடத்தை அப்பாத்துரை உள்ளங்கையால் அமுக்கி அணைத்தான். தோல் கிளம்பிவிட்டது. அப்படியும் யாரும் நம்பவில்லை. அவனை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி மனு தயாராகிறது.

நீ தண்ணீர் அளக்கத்தானே புனேயில் சம்பளம் வாங்குகிறாய்? ஓடுகிற தண்ணீரை நிறுத்தாமல் எப்படி அளக்கிறது? கோல் பொய் சொல்லுமா? போனில் சொல்லாதே. போனில் சொன்னதைப் பிறகு இல்லை என்று சொல்லிவிடலாம். எழுது.

வேளைக்குச் சாப்பிடு.
ஆச்சி

புனே,
30.1.2025

அன்புள்ள ஆச்சிக்கு,

அப்பாத்துரை மாமா கையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோல் பொய் சொல்லும் ஆச்சி. தொட்டி நடுவில் குறுகலாக இருக்கிறதல்லவா? அந்தக் குறுகலுக்குள் போக, மேலே தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறி நிற்கிறதோ அதைக் கொண்டு எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் வருகிற தண்ணீர் அடங்கி வர வேண்டும். நுரையோடு பாலை அளந்தால் படி சீக்கிரம் நிறையும்; நுரை அடங்கினால்தான் குறை தெரியும்.

நம் ஷட்டருக்கு அடியிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு வருகிறது. அதை அடக்கத்தான் ஷட்டருக்கும் தொட்டிக்கும் நடுவில் ஓட்டைக்கல் அடுக்கி ஒரு குறுக்குச் சுவர் வைத்திருந்தார்கள். அப்பா அனுப்பிய போட்டோவில் அந்தச் சுவரையே காணோம். தண்ணீர் ஒரு பக்கமாகப் புரண்டு ஏறுகிறது. கோல் இருப்பதும் அந்தப் பக்கம்தான்.

நீங்களே பாருங்கள். தொட்டிச் சுவரின் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை கீழே இருக்கிறது என்று இரண்டு பக்கமும் அளக்கச் சொல்லுங்கள். அடங்கின தண்ணீர் என்றால் இரண்டும் ஒன்றாக இருக்கும். அப்பாவிடமும் இதையெல்லாம் போனில் சொல்லிவிட்டேன்.

உங்கள்
பிருந்தா

ஆலடிப்பத்து,
8.2.2025

என் கண்ணு பிருந்தாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே ஸ்டெபியைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனேன். அவள் கழுத்தில் தையல் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. "ஆச்சி, வாய்க்காலுக்குச் சட்டை தைக்கப் போறோமா?" என்று சிரித்தாள். பிடித்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கோல் இருக்கிற பக்கம் தண்ணீர் நாலு விரல் அளவு உயரம். எதிர்ப் பக்கம் பள்ளம்.

சுவர் எங்கே என்று கேட்டாயே. ஐப்பசியில் வாய்க்கால் தூர் வாரின அன்று சுவர் ஓட்டையில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. "இது தண்ணியை மறிக்கு, பேத்து எடுங்கலே" என்று உன் அப்பா சொன்னான், ஊரே கடப்பாரையைத் தூக்கியது. தண்ணீர் வேகமாக வந்தால் நிறைய வருகிறது என்றுதான் எல்லோருக்கும் எண்ணம். கல்லெல்லாம் கரையிலேயே கிடந்தது.

வாத்தியாரையும் இப்ராஹிமையும் கூப்பிட்டேன். கல்லைத் திரும்ப அடுக்கினார்கள். குதித்து வந்த தண்ணீர் ஓட்டை ஓட்டையாகப் பிரிந்து, அந்தப் பக்கம் எண்ணெய் மாதிரி வழுவழுவென்று வந்தது. கோலில் தண்ணீர் பைய இறங்கியது. நான் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இஞ்சினியரும் வந்து பார்த்துவிட்டு எங்கள் முறையைக் கூட்டிக் கொடுத்தார். நெல் முக்கால்வாசி பிழைத்துக்கொள்ளும். மனுவைக் கிழித்துப்போட்டார்கள்.

குமரகுருபரன் தன் தங்கை கல்யாணப் பந்தியில் எனக்குச் சொதி ஊற்றாமல் தாண்டிப் போனவன். ஆனாலும் அவன்தான் முதலில் அப்பாத்துரை வீட்டுக்குப் போனான். "நான் பேசினது தப்புவே. கையைக் காட்டும்" என்றான். அப்பாத்துரை காட்டவில்லை. "பாத்து என்ன செய்யப் போறீய அண்ணாச்சி? ஷட்டர் சக்கரத்தைத் திருக்க முடியல" என்றான். எல்லோரும் போய்விட்டு வந்தார்கள். உன் அப்பா மட்டும் இன்னும் போகவில்லை. இடுப்புவலியாம்.

ஒன்று கேட்கிறேன். நீ உன் அப்பாவிடம் போனில் சொன்னது என்றைக்கு?

ஆச்சி

புனே,
14.2.2025

அன்புள்ள ஆச்சிக்கு,

இங்கே குளிர் விட்டுவிட்டது. நீங்கள் கொடுத்த அப்பளம் தீர்ந்துவிட்டது. அறையில் ஷஃபீகா என்று ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாள், நன்றாகச் சமைக்கிறாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத முடியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். உங்களிடம் மறைக்க எனக்கு வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் சொன்னேன் ஆச்சி. அப்பாதான் போட்டோ அனுப்பிக் கேட்டார். சுவரை எடுத்ததுதான் காரணம், அப்பாத்துரை மாமா மேல் ஒன்றும் இல்லை என்றேன். "சரிம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சாயங்காலம் சூடம் அணைக்கச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

தான் சொல்லித்தான் சுவரை எடுத்தார்கள் என்று ஊர் நடுவில் சொல்ல அப்பாவுக்குக் கூசியிருக்கும். உங்களுக்கு அவர் ஒரே மகன். மன்னித்துவிடுங்கள் ஆச்சி, எனக்காக.

பிருந்தா

ஆலடிப்பத்து,
22.2.2025

என் கண்ணு பிருந்தாவுக்கு ஆச்சி எழுதுவது.

நீ மறைக்காமல் எழுதினாய். நன்றாக இருப்பாய்.

உன் அப்பாவை முற்றத்தில் நிறுத்திக் கேட்டேன். "ஏலே, சூடம் எரியுதப்போ உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அம்மா, அதான் எல்லாம் சரியாப் போச்சுல்லா. விடுங்க."

"அவன் கை சரியாப் போச்சா?"

உள்ளே போய்விட்டான். அன்றிலிருந்து பின்கட்டில் எனக்கு அடுப்பு தனி. உன் அம்மா அழுகிறாள், அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பங்குனி உத்திரத்துக்கு நீ வந்தால் என்னோடு சாப்பிடு, அவர்களோடும் சாப்பிடு. உனக்கு வழக்கு வேண்டாம்.

இப்போது காலையில் ஷட்டர் சக்கரத்தை அப்பாத்துரை பெண்சாதி திருக்குகிறாள், அவன் பக்கத்தில் நிற்கிறான். நானும் போய்ச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். தண்ணீர் கல்லுக்குள் நுழைகிற வரைக்கும் அத்தனை இரைச்சல். இந்தப் பக்கம் வந்தால் ஒன்றும் இல்லை. அந்த வேகம் எல்லாம் எங்கே போகிறது? கல்லுக்குள்ளேயே தங்கிவிடுமா? விவரமாக எழுது.

மன்னிக்கச் சொன்னாய். யோசித்துப் பார்த்தேன். சுவரைப் பெயர்க்கச் சொன்னது அறியாமை, அதை விட்டுவிட்டேன். கோயில் முன்னால் கத்தினவனையும் வேடிக்கை பார்த்தவர்களையும் விட்டுவிட்டேன், அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டே ஒருத்தன் நின்றான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கை வெந்திருக்காது. என் கட்டை வேகிற மட்டும் அவனை மன்னிக்க மாட்டேன். நான் பெற்ற சிவசண்முகத்தை.