கரைக்குக் கிழக்கே

ஜூன் 3, செவ்வாய்

விடைத்தாள் திருத்தி முடித்தேன். ஒருவன் காவிரியைக் கண்டம் என்று எழுதியிருக்கிறான். அரை மதிப்பெண்கூடப் போட வழியில்லை.

மாலையில் அண்ணி வந்தார். என் கணவரின் அக்கா, இந்த ஊராட்சியின் தலைவி. வந்ததும் உத்தரவு. "நீதானே புவியியல் டீச்சர்? நம்ம ஊரோட வரலாறு, புவியியல் எல்லாம் பத்துப் பக்கத்துல எழுதிக் குடு. புதுப் பள்ளிக்கூடத்துக்கு அடிக்கல் வைக்கிற அன்னிக்கு அச்சடிச்சுக் குடுக்கணும்."

பள்ளிக்கூடத்துக்கு இடம் தருவதும் அவர்தான். கரையை ஒட்டி மேற்கே இருக்கும் தன் பங்கு நிலம்.

இருநூறு வீடு உள்ள ஊருக்குப் பத்துப் பக்கமா என்று சிரித்தேன். "பத்தலேன்னா எழுத்தைப் பெரிசா எழுது" என்றார்.

ஜூன் 7, சனி

காலையிலிருந்து நடை. வடக்கே மொட்டைக் குன்று. அங்கிருந்து ஓடை தெற்கு நோக்கி இறங்கி வருகிறது. ஊருக்குள் நுழையும் இடத்தில் ஆளுயர மண் கரை. அதில் மோதி ஓடை சட்டென்று கிழக்கே ஒடிகிறது, முழங்கையை மடக்கியதுபோல. கரைக்கு மேற்கே பெரிய தெரு, கிழக்கே சின்னத் தெரு.

தண்ணீர் தானாக அப்படித் திரும்பாது. பதினெட்டு வருடமாக இங்கே வாழ்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை. டீச்சராம் டீச்சர்!

ஜூன் 8, ஞாயிறு

கரையைக் கட்டியது யார் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "எங்க தாத்தா. அது இல்லேன்னா ஊரே வெள்ளத்துல போயிருக்கும்." யோசிக்காமல் வந்த பதில். சின்ன வயதில் சோற்றோடு சேர்த்து ஊட்டிய கதை போலிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

நில அளவை அலுவலகம். துணியில் ஒட்டிய பழைய வரைபடத்தை எடுத்துக் காட்டினார்கள். அதில் கரை இல்லை. ஓடை நேராகத் தெற்கே போகிறது, அண்ணியின் நிலத்துக்கு நடுவே. இன்று ஓடை ஓடும் இடத்தில் கட்டம் கட்டமாக வயல்கள்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். வயல்கள்தான்.

ஜூன் 15, ஞாயிறு

சின்னத் தெருவில் கிணறு வெட்டுபவரைப் பார்க்கப் போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "ஊரைக் காப்பாத்தின கரைன்னு சொல்றாங்களே..." என்று ஆரம்பித்தேன்.

"உங்க தெருவைக் காப்பாத்துச்சு டீச்சரம்மா. எங்க தெரு ஊர்ல சேர்த்தி இல்லையா?"

கரை கட்டிய வருடமே, ஒரே மழையில், அவருடைய அப்பாவின் வயல் ஓடையாகிவிட்டதாம். அதற்கப்புறம்தான் அப்பா கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிணறு வெட்டப் போனார். இதையெல்லாம் அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

கிளம்பும்போது சொன்னார்: "பள்ளிக்கூடம் அங்கயா வருது? கரையோட வடக்கு முனை அரிச்சுப் போய்க் கிடக்கு, பாத்தீங்களா? ஒரு பெரிய மழை போதும்."

ஜூன் 17, செவ்வாய்

எழுதி முடித்துவிட்டேன். குன்று, மண், மழை, தெருக்கள் எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. தாத்தாவிடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. கடைசியில் எழுதினேன்: 'ஓடை திருப்பப்பட்டதால் கிழக்கே சில குடும்பங்கள் நிலம் இழந்தன. பழைய ஓடைப் படுகையில் கட்டடம் கட்டுவது பாதுகாப்பல்ல.'

வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "நான் எந்தப் பக்கம் பேசினாலும் ஒரு வீட்டுல எனக்குச் சோறு கிடையாது" என்று சொல்லிவிட்டு, யாருடைய பம்பையோ பழுது பார்க்கப் போய்விட்டார். நேற்றே சரி செய்துவிட்டதாகச் சொன்ன பம்பு அது.

ஜூன் 18, புதன்

அண்ணி நின்றுகொண்டே படித்தார்.

"எங்க தாத்தா திருடனா?"

"நான் அப்படி எழுதலையே அண்ணி."

"வேற எப்படி எழுதியிருக்கே? ஓடையைத் தூக்கி அடுத்தவன் வயல்ல போட்டார்னுதானே இருக்கு? இந்த வீட்டுக்கு வாழ வந்தவ நீ..." அதோடு நிறுத்திக்கொண்டார். காகிதங்களை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்? கல்யாணமாகி வந்த புதுசுல இந்த ஊர்ல எனக்குப் பேச்சுத் துணைன்னு இருந்தது அவங்க ஒருத்தர்தான். மழை இவ்வளவு, மண் இன்ன வகைன்னு எழுதிக் குடுத்துட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல? — ஆனா புள்ளைங்க வந்து உக்காரப் போறது அந்தக் கரைக்குக் கீழதானே. எப்படிச் சும்மா இருக்கிறது?

ஜூன் 19, வியாழன்

அண்ணி வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

தெருவில் எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஜூன் 29, ஞாயிறு

கிணறு வெட்டுபவர் வழியில் நிறுத்திச் சொன்னார். அண்ணி அவரைக் கூப்பிட்டுத் தன் நிலத்தில் மூன்று குழி தோண்டச் சொன்னாராம். வெயிலில் கூடவே நின்றாராம். மூன்றிலும் நாலடிக்குக் கீழே ஆற்று மணல், கூழாங்கல்.

"ஒரு கல்லைக் கையில வெச்சு உருட்டிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் கரை மேல ஏறி வடக்கு முனை வரைக்கும் நடந்துட்டு வந்தாங்க. எனக்கு டீ வாங்கிக் குடுத்தாங்க."

ஜூலை 4, வெள்ளி

பள்ளிக்கூடம் மேட்டு நிலத்துக்கு மாறிவிட்டது. அண்ணி தனக்கு வீடு கட்ட வைத்திருந்த இடம். பொறியாளர் இன்று அளந்துவிட்டுப் போனாராம். கரையைப் பலப்படுத்தவும் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் வீட்டுக்காரர் வந்து சொன்னதுதான்.

"அவங்க வீடு?" என்றேன்.

"கேட்டேன். இருக்கிற வீடு ஒழுகலையேன்னுட்டாங்க."

என்னிடம் இன்னும் பேச்சில்லை.

ஜூலை 20, ஞாயிறு

அண்ணி வந்தார். அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துவிடு என்று காகிதங்களை என் மடியில் வைத்தார். தாத்தாவைப் பற்றிய பத்தி அப்படியே இருந்தது. ஒரு சொல்லை மட்டும் பென்சிலால் அடித்திருந்தார்: 'சில.' அதற்கு மேலே 'பதின்மூன்று' என்று அவருடைய உருண்டைக் கையெழுத்து. பின்பக்கத்தில் குடும்பம் குடும்பமாக, யாருக்கு எவ்வளவு நிலம் போனது என்ற விவரம். சின்னத் தெருவில் வீடு வீடாகப் போயிருக்கிறார்.

"ரெண்டு வீட்டுல கதவே திறக்கல. மறுநாளும் போனேன்" என்றார். அப்புறம், "'சில'ன்னு எழுதினது எனக்காகத்தானே?"

ஆமாம் என்றேன்.

"டீச்சர் மாதிரி எழுது. நாத்தனாருக்குப் பயந்தவ மாதிரி எழுதாதே."

காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை கம்மி என்று குறை சொல்லிக்கொண்டே குடித்தார். கடைசி வீட்டுப் பெரியவருக்கு நில அளவு சரியாக நினைவில்லையாம்; நாளை சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறாராம்.

"நீயும் வா. அளவெல்லாம் எனக்கு என்ன தெரியும்?"

ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம்.