டயாலிசிஸ் வார்டில் நாம் பார்த்த விண்மீன் மண்டலங்கள்

இன்று எதிர்வீட்டிலிருந்து உன் மகள் உன் டேப்லெட் கணினியைக் கொண்டுவந்தாள். "மாமி, உம்மா இது உங்களுக்குத்தான்னு சொல்லியிருந்தா" என்றாள். உறையைத் திறந்ததும் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை. அவள் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டேன்.

வாரத்தில் மூன்று நாள் உனக்கு டயாலிசிஸ். நான் விடிகாலையில் மட்டாஞ்சேரித் தெருக்களைப் பெருக்கி முடித்து, குளித்து, மதியம் உன்னோடு தோப்பும்படி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுவேன். இடது கையில் ஊசியோடு நாலு மணிநேரம் நீ படுத்திருக்க வேண்டும். பொழுது போகட்டும் என்று உன் மகள்தான் அந்த இணையதளத்தைக் காட்டிக் கொடுத்தாள். தொலைநோக்கிகள் எடுத்துக் குவித்த படங்கள். எந்த விண்மீன் மண்டலங்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன என்று நம்மைப் போன்றவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"எடீ, வால் உண்டான்னு நோக்கு" என்பாய். இரண்டு மண்டலங்கள் நெருங்கினால் ஒன்றின் இழுப்பில் மற்றதன் நட்சத்திரங்கள் வால்போல நீண்டுவிடும். வால் இல்லையென்றால், எங்கோ பின்னால் இருப்பது முன்னால் இருப்பதோடு ஒட்டியிருப்பதாக நம் கண்ணுக்குத் தெரியலாம்.

ஒருநாள் எனக்கு இடுப்பு வலி. நீ பார்க்குமுன்னே 'கலக்கின்றன' என்று அழுத்திவிட்டேன்.

"வால் எங்கடீ?"

"இருக்கும். யாரு நோக்கப் போறா?"

"நீ ரோட்டை அப்படித்தான் பெருக்குறியா? யாரும் நோக்கமாட்டாங்கன்னு?"

எனக்குச் சுருக்கென்றது. டேப்லெட்டைப் படுக்கையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்று நீ தனியாக பஸ்ஸில் திரும்பினாய்.

அடுத்த முறை பஸ்ஸில் நீ பையை மடியில் எடுத்துவைத்து எனக்கு இடம் விட்டாய். இறங்கும்போது மெல்லச் சொன்னாய்: "அந்தப் படம் எனக்கும் தெரியலடீ. தெரியலன்னா தெரியலன்னு போடணும், அவ்வளவுதான்."

போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். உன் மய்யத்தை அடக்கம் செய்ய எடுத்துப் போனபோது பெண்களோடு வாசலிலேயே நின்றேன். எல்லோரும் கலைந்த பிறகு, எதிரே என் வீட்டுக்குப் போக வழி தெரியாதவள்போல நின்றேன்.

இப்போதும் வேலை மதியத்தோடு முடிந்துவிடுகிறது. இன்று தனியாக ஒரு படத்தைத் திறந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். மங்கலாக ஒரு கீற்று, வாலா, இல்லையா? அவசரமாக அழுத்த விரல் வரவில்லை. ஒரு படத்துக்கே அரைமணி ஆயிற்று. ஆகட்டும். சாயா போட்டுத்தா என்று கேட்டு அவசரப்படுத்த என் வீட்டில் யார் இருக்கிறார்கள்?