உன் இடத்துக்கு நான் வரவில்லை, அக்கா

என் தங்கமான அக்காவுக்கு,

உன் படத்துக்குப் போட்ட மாலை காய்வதற்குள்ளேயே வீட்டில் பேச்சைத் தொடங்கிவிட்டார்கள். "வேற ஒருத்தி வந்து புள்ளைய என்னத்தப் பாப்பா? நீயே கட்டிக்கிட்டீன்னா அக்கா மனசு குளுந்துரும்டி" என்றாள் அம்மா. அக்கா போனால் தங்கச்சி அந்த இடத்துக்கு வருவது நம் பக்கத்து வழக்கம்தானே. உன் மனசு குளிருமா என்று உன்னைக் கேட்க வழியில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. உன்னை டிபி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, எச்.ஐ.வி. இருக்கிறதா என்றும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாரே, நினைவிருக்கிறதா? உன் மாமியார்தான், "ரத்தத்த உறிஞ்சியே எம் மருமகளக் கொன்னுருவாக போல" என்று சண்டை போட்டு உன்னை வீட்டுக்குக் கூட்டிப் போனார். பாவம், அவருக்கு வெவரம் தெரியாது. எங்களுக்கு மட்டும் என்ன தெரிந்தது?

அதனால் உன் வீட்டுக்காரரிடம் நேராகவே சொன்னேன். "சாதகம் அப்பறம் பாத்துக்கலாம் மச்சான். மொதல்ல ரத்தம் பாத்துட்டு வருவோம். நானும் குடுக்குறேன்." சொன்ன நாளில் அவர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில், ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மா ஒவ்வொருவராக உள்ளே அழைத்துப் பேசினார். ரத்தம் பார்த்ததில் எனக்கும் பாப்பாவுக்கும் ஒன்றுமில்லை. "மச்சானுக்கு என்ன மேடம்?" என்றேன். "அத அவருதாம்மா ஒங்கிட்டச் சொல்லணும்" என்று முடித்துக்கொண்டார்.

மச்சான் வெளியே வந்தார். "எனக்கு இருக்குதாம். அவளக் கொன்னது நாந்தான்" என்று சுவரில் சாய்ந்து அழுதார். கவுன்சிலர் அம்மா எழுந்து வந்து, எங்கள் இருவரையும் உள்ளே உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் ரொம்ப வருஷம் நன்றாக இருக்கலாம் என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. அப்படியானால் நீயும் இருந்திருக்கலாமே அக்கா?

அவருக்கு முன்னமே தெரியுமா? உனக்குத் தெரியுமா? நான் கேட்கவில்லை.

கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நோய்க்குப் பயந்து இல்லை. உன் சேலையைச் சுற்றி என்னை அனுப்பப் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. ரத்தம் பார்த்த கதையை வீட்டில் சொல்லவும் முடியாது, அது மச்சான் சொல்ல வேண்டியது. "கல்லு மனசுக்காரி, அக்கா புள்ளைய அத்துவிட்டுட்டா" என்று சொந்தமெல்லாம் பேசுகிறது. அம்மா என்னோடு பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மச்சானுக்குப் போன் போட்டு மாத்திரையை ஞாபகப்படுத்துகிறேன். "கட்டிக்க மாட்டாளாம், போன் மட்டும் கேக்குதாம்" என்று அம்மா முணுமுணுக்கிறாள்.

இதுவரை எழுதியதை மச்சானிடம் வாசித்துக் காட்டி, பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். "ஊரும் பேரும் இல்லாம போட்டுக்க. நாலு பேரு படிச்சுட்டுப் போய் ரத்தம் பாத்தாச் சரி" என்றார்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். உனக்குக் கிடைக்காத மாத்திரையை அவர் ஒரு வேளைகூட விடாமல் பார்த்துக்கொள்வேன். பாப்பாவுக்குத் தகப்பனாவது இருக்கட்டும். என்னை அம்மா என்று கூப்பிடச் சொல்லி உன் மாமியார் இன்னும் அவளைப் பழக்குகிறார். அப்படிக் கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை. சித்தி என்றால் ஓடுகிறேன்.

பாப்பாவின் சித்தி,
உன் தங்கச்சி.