அண்ணி கழுவிக் கொண்டுவந்த முட்டைகள்

1991, பிப். 11, திங்கள்

பனி. காலையில் எதிர்வீடே தெரியவில்லை. துணி எதுவும் காயவில்லை, அடுப்புக்கு மேலே கொடி கட்டியிருக்கிறேன். சுமிக்கு மறுபடி இழுப்பு. மூச்சு வாங்கும்போது விலாவுக்கு நடுவே பள்ளம் விழுகிறது. ஒன்றரை வயதுக்கு இத்தனை பாடு.

மண்ணெண்ணெய். இருமல் சிரப். அவர் சட்டைக்குப் பட்டன்.

மாலை அண்ணி வந்தார், என் கணவருடைய அக்கா. பாரிவாக்கத்திலிருந்து கள்ளிக்குப்பத்துக்கு பஸ் மாறி மாறி, கையில் மஞ்சள் பை.

"இன்னாம்மே, புள்ள இன்னும் இழுத்துகினுதான் கீதா?"

பைக்குள் முட்டைகள். பிங்பாங் பந்து மாதிரி வெள்ளை, உருண்டை. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"கடலாமை முட்டைம்மே. எங்க ஊட்டுக்காரு காசிமேட்டுக்கு ஐஸ் லோடு போனப்ப சொல்லிவெச்சி வாங்கியாந்தாரு. காலைல வெறும் வயித்துல பச்சையா ஒண்ணு குடு. மார்ச்சளி இருந்த எடம் தெரியாம பூடும். ஒரே மண்ணு. பைப்புல நல்லா கழுவித்தான் எடுத்தாந்தேன்."

கழுவி. உருட்டி உருட்டி. அப்புறம் மூன்று பஸ்.

காலேஜில் படித்தபோது தை, மாசி வந்தால் ஜெயாவும் நானும் கடற்கரைக்குப் போய்விடுவோம். தாய் ஆமை புதைத்துவிட்டுப் போன முட்டைகளை, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி எடுத்து, வேலி போட்ட மணலில் மறுபடி புதைப்போம். முதல் சில மணி நேரம்தான் கெடு. அதற்கப்புறம் உள்ளே உள்ள கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும். புரட்டினால் போயிற்று.

இதை அண்ணியிடம் எப்படிச் சொல்ல? அவர் பையன் முருகன் இதே இழுப்பில்தான் போனான், மூன்று வயதில். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு. அண்ணி அவனைப் பற்றிப் பேசியதே இல்லை.

"சரி அண்ணி, காலையில குடுக்கறேன்" என்றேன்.

பிப். 12, செவ்வாய்

"அக்கா ஆசையா எடுத்துட்டு வந்திருக்கு. ஒண்ணு குடுத்தாதான் என்ன?" இவர். ஷேவ் பண்ணிக்கொண்டே. பதில் சொன்னால் சண்டை.

பின்பக்கத்து வீடு கட்ட மணல் கொட்டியிருக்கிறார்கள். பழைய பக்கெட்டில் அள்ளி வந்தேன். ஆற்று மணல். கடல் மணலுக்கு எங்கே போவது? ஒன்றிரண்டின் மேல் சுண்ணாம்பு தொட்டமாதிரி வெளுப்பு. உயிர் பிடித்ததற்கு அடையாளம் அது. அந்தப் பக்கத்தை மேலே வைத்துப் புதைத்தேன். பொரிக்காது என்று தெரியும். குப்பையில் போடக் கை வரவில்லை. அவ்வளவுதான்.

சுமிக்கு ஊசி, புது சிரப். டாக்டர், "பனியில வெளிய கொண்டு வராதீங்க." வெளியே கொண்டு வராமல் அவரிடம் எப்படிக் கொண்டு போவதாம்.

பிப். 15, வெள்ளி

வெயில். சுமி இட்லி கேட்டாள்! கிண்ணத்தைத் தரையில் தட்டித் தட்டி ஒரே ரகளை. வீட்டுக்காரம்மா கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணி வந்தார். வாசலிலேயே, "குடுத்தியா?"

"குடுத்தேன் அண்ணி."

அவ்வளவு சுலபமாக வந்தது.

குழந்தையைத் தூக்கி நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். "சத்தமே இல்ல பாரேன், கள்ளி!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் கோணிக்கொண்டது.

"எம் முருகனுக்கும் சொன்னாங்கம்மே. இத்தக் குடு, இத்தக் குடுன்னு. நான்தான் கவுச்சி அடிக்கும், புள்ள வாந்தி எடுத்துரும்னு உட்டுட்டேன். ஒரே ஒரு முட்ட. அத்தக் குடுத்திருந்தா…"

சமையல்கட்டுக்குப் போய் இல்லாத வேலை செய்தேன். காபி போட்டேன். சர்க்கரை போட்டேனா இல்லையா, அண்ணி ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

என் மனசு ஆறவே இல்லை. அவரை நோகடிக்கக் கூடாதென்று சொன்ன பொய் அது.

பிப். 22, வெள்ளி

காலை எட்டு மணிக்கே அண்ணி. இரண்டு பை. நிறைய.

"உம் பொண்ணு பொயச்ச கதைய எங்க தெருவுல சொன்னேன். மூணு ஊட்ல கேட்டுகினு கீறாங்க. உனக்கும் தனியா கீது. விடியக்காத்தால தோண்டுனதாம். அவசரத்துல கழுவல, நீயே கழுவிக்கோ."

கழுவவில்லை. மணல் ஒட்டியிருக்கிறது. விடிகாலை. இன்னும் நேரம் இருக்கிறது என்று மனசு கணக்குப் போட்டது. அதனால்தான் வாய் திறந்தேனோ என்னவோ. அண்ணிக்காக இல்லை.

கொல்லைக்கு அழைத்துப் போய் பக்கெட்டைத் தோண்டிக் காட்டினேன். எல்லாம் அப்படியே. ஓடு சுருங்கி, நாற்றம் வந்துவிட்டது.

"ஒண்ணு கூட குடுக்கல அண்ணி. பொய் சொல்லிட்டேன். அவளுக்கு சரியானது ஊசியில, மருந்துல."

குனிந்து பக்கெட்டைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "அப்ப… எம் புள்ளைக்கு நான் இத்தக் குடுத்திருந்தாலும்?"

"பிழைச்சிருக்க மாட்டான் அண்ணி. உங்க மேல தப்பே இல்ல."

துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாம்மே? ஒரு வாரமா சோறு எறங்கல எனக்கு" என்றார்.

வீட்டுக்காரம்மா போனில் ஜெயாவைப் பிடித்தேன். வேலி இன்னும் இருக்கிறது, வாங்கிக்கொள்கிறேன் என்றாள். சுமியை விட்டு நான் போக முடியாது. இவருக்கு ஷிப்ட். "நான் போறேன்" என்று அண்ணியே எழுந்தார். ஒரு கூடையில் மணல் பரப்பி, பையில் எது எப்படி இருந்ததோ அப்படியே மாற்றிக் கொடுத்தேன். ஆட்டாதீங்க, திருப்பாதீங்க, வெயில் படாம. கடற்கரைக்கு அவர் தனியாகப் போனதே கிடையாது. விலாசம் எழுதிய சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

இரவு போன். ஜெயா: "புதைச்சாச்சு. பார்க்கலாம்."

அவளுடைய 'பார்க்கலாம்' எனக்குத் தெரியும்.

மார்ச் 20, புதன்

சுமிக்கு நாலாவது கடைவாய்ப் பல். நல்ல வெயில். இழுப்பு இல்லை.

அண்ணி வரும்போதெல்லாம், "குட்டி வந்துச்சா?" தெருவில் யாருக்கும் முட்டை தரவில்லையாம். "டாக்டராண்ட போங்கன்னு சொல்லிட்டேன். ஒருத்தி, ரொம்பத்தான் பீத்திக்கறேன்றா." சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்கப்புறம்.

ஏப். 18, வியாழன்

புழுக்கம். தண்ணீர் லாரி வரவில்லை.

மத்தியானம் ஜெயா போன் செய்தாள். நாள் தாண்டிவிட்டதால் குழியைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்துக் குழிகளிலிருந்து குஞ்சுகள் கடலுக்குப் போய்விட்டன. இதில் ஒன்றும் இல்லை. சிலதில் கரு கண் புள்ளி வரைக்கும் வந்து நின்றிருக்கிறதாம்.

சாயங்காலம் அண்ணி வந்தார், முருங்கைக்காய்க் கட்டோடு. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பொரிஞ்சிச்சாம்மே?"

இல்லை என்றேன். ஒன்றுகூட இல்லை என்றேன்.

முருங்கைக்காயைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் மடிக்கு முன்னால் கூடை பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு,

"ஆட்டவே இல்லம்மே. நின்னுகினே போனா ஆடும்னு, சீட்டு கெடக்கற வரைக்கும் ரெண்டு பஸ்ஸ உட்டுட்டுத்தாம்மே ஏறினேன்."