திரும்பப் பெற்ற நன்றி

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீடு வந்து சேர மதியம் ஆகிவிட்டது. நேற்றைய பக்ரீத் பிரியாணியில் எங்கள் பங்கைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு சித்திகா வந்தாள். என் வீட்டுக்காரர் ஜெர்சன் இரண்டாம் முறை போட்டுக்கொண்டிருந்தார். ஊறுகாய் வேண்டுமா என்று கேட்கிற குரலிலேயே அவள் சொன்னாள்: "கேளம்பாக்கத்துல ஒரு வீடு பார்த்திருக்கோம் ஹெப்சி. மூணாவது மாடி. இந்த மழைக்கும் தண்ணி உள்ள வந்தா போயிடலாம்னு அவர் சொல்லிட்டார்."

தட்டைத் தள்ளி வைத்தேன்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. போன நவம்பரில் அவள் வீட்டில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். முன்னறையில்தான் அவள் வீட்டுக்காரர் உமரின் தையல் கடை. நான் டீச்சராக இருக்கும் பள்ளியின் சீருடைகூட அங்கேதான் தைக்கிறார்கள். மிஷின்கள், வெட்டி வைத்த துணி எல்லாம் ஏரித் தண்ணீரில் ஊறின. தெருவுக்கு ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழசைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, அவள் வீட்டுக்கு இப்போது படி ஏற வேண்டாம், இறங்க வேண்டும். நாங்கள் பிறகு கட்டியதால் மேடாகக் கட்டிவிட்டோம். மாடியில் நனையாமல் நின்று அவள் சாமான் மிதப்பதைப் பார்த்தவள் நான்.

தெருக்கோடியில் ஏரியின் உபரிநீர் போகும் கால்வாய். அதன் மேல் இருக்கும் சிறுபாலத்துக்கு அடியில் இரண்டே இரண்டு குழாய். அவை அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்? சித்திகா வீட்டுக்குத்தான். குழாயை எடுத்துவிட்டு அகலமாகப் புதுப் பாலம் கட்ட உத்தரவும் வந்தது. மார்ச்சில் தேங்காய் உடைத்துப் பூஜை போட்டார்கள். எங்கள் தெரு நலச் சங்கத்துக்குச் செயலாளர் வேறு யார், என் வீட்டுக்காரர்தான். அன்றே பேனர் கட்டிவிட்டார்: "சிறுபாலம் அமைத்துத் தந்த எங்கள் கவுன்சிலர் அண்ணன் ஜெயவேலு அவர்களுக்கு நன்றி, நன்றி, நன்றி."

மூன்று நன்றி. ஒரு செங்கல் இல்லை. வெயிலில் கவுன்சிலர் முகம் வெளுத்துப்போய் வெள்ளைச் சட்டை மட்டும் பாக்கி.

சித்திகாவும் நானும் இந்தத் தெருவுக்குப் புதுப்பெண்களாக வந்தவர்கள். நான் பள்ளிக்கூடம் போனால் எங்கள் மகள் கெசியாவுக்குச் சாப்பாடு அவள் வீட்டில். ஏழு வயது வரை தனக்கு இரண்டு அடுப்படி என்றே நினைத்துக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளை.

விட மாட்டேன். எதை, யாரிடம் என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் விட மாட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

பள்ளியில் பெர்மிஷன் போட்டுவிட்டு மாநகராட்சி மண்டல அலுவலகம் போனேன். உதவிப் பொறியாளர் ஸ்ரீவித்யா, மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மரியாதையாக உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரில் எங்கள் தெருப் பெயரைத் தட்டினார்.

"அந்த வேலை முடிஞ்சிருச்சே மேடம்."

முடிஞ்சிருச்சா? நேற்றுகூட அந்தப் பழைய குழாய் மேல்தானே நடந்து வந்தேன்? திரையை என் பக்கம் திருப்பினார். வேலை முடிந்ததற்குச் சான்றாக ஒரு புகைப்படம். எங்கள் பேனர். அதன் கீழே பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஜெர்சன்.

பூஜை நடந்ததற்கு யாரோ அனுப்பிய படம். பேனரில் "அமைத்துத் தந்த" என்றும் "நன்றி" என்றும் இருந்ததைப் பார்த்து இன்னொருவர் முடிந்த வேலைகளோடு சேர்த்துவிட்டார். திருட்டுகூட இல்லை. திருட்டாக இருந்தால் கத்தவாவது செய்திருப்பேன்.

வீட்டில் கத்தினேன். முன்கூட்டியே நன்றி சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று நினைத்தாராம். எல்லாத் தெருவிலும் அப்படித்தான் கட்டுகிறார்களாம். நான் கேட்டேன்: "கெசியாவுக்குக் காலேஜ் பீஸ் கட்டினோமே, பிரின்சிபாலுக்கு நன்றி பேனர் வெச்சோமா? வரி நம்மது, ஓட்டு நம்மது. அப்புறம் எதுக்கு என்னமோ தானம் வாங்கின மாதிரி கும்பிடறீங்க?"

ஜூன் 18, புதன்

ஜெர்சன் பேசவில்லை. தோசை மட்டும் கேட்டார்.

ஜூலை 5, சனி

ஸ்ரீவித்யா நேரில் வந்து பார்த்தார். குனிந்து குழாய்க்குள் டார்ச் அடித்தார். நியாயமான பெண். ஆனால் முடிந்ததாக ஏறிவிட்டதை, தான் பார்த்ததை மட்டும் வைத்துத் திறக்க அவருக்கு அதிகாரம் இல்லையாம். பகுதி சபையில் மக்கள் கூடி, கவுன்சிலர் முன்னிலையில், வேலை நடக்கவில்லை என்று தீர்மானம் போட்டால் மேலே கொண்டுபோகிறேன் என்றார்.

பகுதி சபை என்று ஒன்று இருப்பதே எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும். ஓட்டுப் போட்ட அன்று விரலைப் படம் எடுத்து கெசியாவுக்கு அனுப்பினேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நானும் டிக் போட்டுக்கொண்டேன் போலிருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

ஜெயவேலுவைப் பார்க்க சித்திகாவையும் இழுத்துக்கொண்டு போனேன். கெட்ட மனிதர் இல்லை. குடிநீர் வராத நாளில் லாரிக்காக அவரே நடுரோட்டில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் ஓட்டும் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார்.

"இன்னா டீச்சர் இது. பேனர் வெச்சதே உங்க வூட்டுக்காரர்தான். இப்ப நானே போயி வேல முடியலன்னு சொன்னா ஜனம் இன்னா நெனைக்கும்? அப்போ எதுக்கு நன்றின்னு கேக்காது?"

அதாவது எங்கள் நன்றி அவர் வாயையும் அடைத்துவிட்டது. திரும்பும் வழியெல்லாம் சித்திகா சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பகுதி சபை. சமுதாயக் கூடத்தில் நாற்காலி நிறைய. ஆட்கள் ஒரு ஆட்டோவில் அடங்குவார்கள். அதிலும் ஒருவர் மின்விசிறிக்காக வந்தவர். கவுன்சிலர் எட்டிப் பார்த்தார். ஆளே இல்லாமல் யாருக்குத் தீர்மானம் என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். ஜெர்சன் வரவில்லை. தாம்பரத்தில் ஏதோ வேலையாம்.

அசிங்கமா இருந்துச்சு. வேற என்ன எழுத.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றம். "தேசத்தைக் கட்டியெழுப்புவோம்" என்று என்னை ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருந்தார்கள். ராக்கெட், செயற்கைக்கோள், வல்லரசு எல்லாம் எழுதிக்கொண்டு போய் அப்படியே வாசித்தேன். பிள்ளைகள் மிட்டாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசிக்க வாசிக்க எனக்கே எரிச்சல்.

பேசியிருக்க வேண்டியது வேறு. நாடு மெதுவாகத்தான் கட்டப்படும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஒரு வகுப்புக்கு ஓம் விதி புரிய எனக்கு எத்தனை வாரம் ஆகிறது? மெதுவாக நடக்கிற வேலையைப் பொறுத்துக்கொள்ளலாம். நடக்காத வேலை முடிந்துவிட்டது என்றால் எப்படிப் பொறுப்பது? அதுவும் முடிந்தது என்று முதலில் சொன்னதே நாங்கள். விடைத்தாளைத் திருப்பிப் பார்க்காமல் நூற்றுக்கு நூறு போட்ட டீச்சர் மாதிரி ஒரு தெருவே நடந்துகொண்டிருக்கிறது.

நாளையிலிருந்து வீடு வீடாகப் போகிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மேட்டுப் பக்கத்து வீடுகளில்தான் கஷ்டம். "எங்களுக்குத் தண்ணி வராதே" என்கிறார்கள். ஒரு அம்மா கதவையே திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, கவுன்சிலரைப் பகைத்துக்கொண்டால் நாளைக்கு ஒரு சர்டிபிகேட்டுக்குப் போய் நிற்க முடியாது என்றார். பகை இல்லம்மா, கேள்வி என்றேன். புரிந்ததாகத் தெரியவில்லை.

சித்திகா கூடவே வருகிறாள். ஊரை விட்டுப் போகப் போகிறவள் எதற்கு அலைகிறாய் என்று ஒருத்தர் கேட்டேவிட்டார். அவள் போன வருடத் தண்ணீர் அவள் வீட்டுச் சுவரில் விட்டுப்போன கறையைப் போனில் காட்டினாள். அவர் வருகிறேன் என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கூடம் நிறைந்தது. நாற்காலி போதாமல் பின்னால் நின்றார்கள். ஜன்னல் அம்மாவும் வந்திருந்தார். ஜெயவேலு நடுவில், பக்கத்தில் ஸ்ரீவித்யா. நான் எழுந்து பாலம் கட்டப்படவில்லை என்றேன். உடனே முன்வரிசையில் ஒருவர், "கட்டலன்னா சங்கம் ஏன் நன்றி போட்டுச்சு?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். என் பதில் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

ஜெர்சன் எழுந்தார். மூன்று மாதமாக என்னோடு தோசை, காப்பி தவிர வேறு பேசாத மனிதர். கையில் சுருட்டிய பேனர். காலையில் அவரே அவிழ்த்திருக்கிறார், எனக்குத் தெரியாது.

"இதை வெச்சது நான்தான். கவுன்சிலர் கேக்கல. வேலை நடக்கறதுக்கு முன்னாடியே நன்றி சொன்னது சங்கத்தோட தப்பு. அந்த நன்றியைத் திரும்ப வாங்கிக்கறோம். அதையும் தீர்மானத்துல எழுதுங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. ஜெயவேலு சிரிக்கவில்லை, பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"சரிப்பா," என்றார். "முடியலன்னே எழுதுங்க. நானும் கையெழுத்து போட்றேன்."

வெளியே வந்ததும் ஜெயவேலு ஜெர்சனின் தோளில் கை போட்டு, இத்தனை நாளாக இதை எப்படிச் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாராம். எனக்கு ஜெர்சனைப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

பழைய குழாயை உடைக்க இயந்திரம் வந்துவிட்டது. தேங்காய் இல்லை, பேனர் இல்லை. நல்லது. ஆனால் மழைக்கு இவ்வளவு கிட்டத்திலா? கர்த்தாவே, கொஞ்சம் பொறும்.

அக்டோபர் 22, புதன்

பொறுக்கவில்லை. தீபாவளி முடிந்து கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகும் இரண்டு கண்ணில் ஒன்றுதான் முடிந்திருக்கிறது. மற்றதில் பலகையும் கம்பியுமாக நிற்கிறது. சித்திகா வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மிஷின்களை நேற்றே எங்கள் மாடிக்குத் தூக்கிவிட்டோம். சாரல் படாமல் இருக்க ஜெர்சன் அந்தப் பேனரையே போர்த்தினார்.

உமர் எப்போதும் குரலை உயர்த்தாதவர். இன்றும் உயர்த்தவில்லை. "நீங்க செஞ்சது பெரிசு டீச்சர். ஆனா என்னால இனிமே தாங்க முடியாது. கேளம்பாக்கத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துடறேன்."

நான் என்ன சொல்றது? இரு அண்ணா, நாடு மெதுவாத்தான் வளரும்னா? அவர் வீட்ல தண்ணி, என் வீட்ல இல்ல. பொறுமையைப் பத்தி நான் பேசறதுக்கு எனக்கே வெக்கமா இருக்கு. இருந்தும் கேட்டேன். போன வருஷம் கட்டில் உயரம், இந்த வருஷம் கணுக்கால், அதுவும் ஒரு கண்ணுல. ரெண்டாவது கண்ணு திறக்கட்டும், ஒரு மழை பாருங்க, அப்புறம் போங்கன்னு கேட்டேன். சித்திகா கையிலிருந்த துடைப்பத்தை வைக்காமலே அவரைப் பார்த்தாள்.

டிசம்பர் வரைக்கும் என்றார்.

அக்டோபர் 24, வெள்ளி

ஸ்ரீவித்யா மழைக்கோட்டோடு வந்து நின்று பக்கவாட்டில் தற்காலிகமாக வாய்க்கால் வெட்ட வைத்தார். தண்ணீர் வடிந்தது. நான் டீ மட்டும் கொடுத்தேன், நன்றி சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ? நின்று செய்த வேலைக்குச் சொல்லலாம்தான். நாளை சொல்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இரண்டாம் கண்ணுக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. ஈரச்சாக்கு போர்த்தியிருக்கிறது. சர்ச்சுக்குப் போகும்போதும் பார்த்தேன், வரும்போதும் பார்த்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

பலகை பிரித்தார்கள்.

டிசம்பர் 3, புதன்

முந்தாநாளிலிருந்து விடாத மழை. பள்ளி விடுமுறை. ஏரி நிறைந்து உபரிநீர் வருகிறது என்றதும் குடையோடு ஓடினேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெயவேலு ஏற்கெனவே பாலத்து மேல் நின்றுகொண்டிருந்தார். அடியில் இரண்டு கண்ணும் நிரம்பப் பழுப்புத் தண்ணீர் பாய்ந்து போகிறது. தெருப்பக்கம் ஒரு சொட்டு திரும்பவில்லை.

"இப்ப பேனர் வெக்கலாமா டீச்சர்?" என்றார். பாதி கிண்டல், பாதி நிஜம்.

ஏப்ரலில் கால்வாயைத் தூர் வாருங்கள், பார்க்கலாம் என்றேன். "நீங்க மார்க்கே போட மாட்டீங்களா?" என்று கேட்டார். பாஸ் போட்டாயிற்று என்றேன். பிறகு மனசு கேட்காமல், மழையில் வந்து நின்றதற்கு நன்றி என்றும் சொன்னேன். ஒரே ஒரு நன்றி. அதற்கு அவர் வெட்கப்பட்டதைப் பார்க்க வேண்டுமே.

ஜனவரியில் அடுத்த பகுதி சபை. தூர் வாருவதற்கு இப்போதே ஆள் சேர்க்க வேண்டும். இந்தத் தடவை மேட்டுப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஜன்னல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன?

மதியம் உமர் வந்தார். அட்வான்ஸைப் பற்றியோ கேளம்பாக்கத்தைப் பற்றியோ பேச்சே எடுக்கவில்லை. மாடிக்குப் போய் பேனரை உருவி மடித்து வைத்துவிட்டு, ஜெர்சனுமாகச் சேர்ந்து மிஷின்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார்கள். மழை நிற்கட்டுமே என்றதற்கு, பள்ளிச் சீருடை ஆர்டர் தேங்கிக் கிடக்கிறது என்றார்.

இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மழை இன்னும் விடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.