மூன்று நொடி

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தங்கச்சி, நான் மூவரும் சுகம். அங்கே நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டு ஆரம்பிக்கிறேன், இல்லையென்றால் பேனா நகராது. போனில்தான் வாரம் தவறாமல் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நான் உன்னைப் பேசவே விடுவதில்லையாம், தங்கச்சி சொல்கிறாள். கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே சொல்லி, கடைசியில் "சரி, வச்சிடட்டுமா" என்பதையும் நானே சொல்லிவிடுகிறேனாம். முதலில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம் பள்ளிக்கூடத்தில் ஒன்று நடந்தது, அதிலிருந்து அவள் சொன்னது சரிதான் என்று படுகிறது.

அதற்கு முன் வீட்டு விஷயம். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வாங்கியாயிற்று, ஆனால் பழையதைத்தான் மாட்டிக்கொண்டு அலைகிறார், புதியது வெளியே போகும்போது போடவாம், அவர் வெளியே போவதே இல்லை. தங்கச்சி வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் பேர்வழி என்று பால்காரர் மேலேயே ஏற்றப் பார்த்தாள், அன்றிலிருந்து அவர் நம் வீட்டுக்கு மட்டும் பத்தடி தள்ளி நின்று குரல் கொடுக்கிறார். மாடியில் உன் அறையில் ஒழுகிக்கொண்டிருந்த இடத்தைக் கொத்தனார் பூசிவிட்டுப் போனார். பூச்சு காய்ந்துவிட்டதா பார்க்கிறேன் என்று அப்பா தினமும் மேலே போய், உன் கட்டிலில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கி வருகிறார். அது காய்ந்து ரொம்ப நாளாயிற்று.

பள்ளிக்கூடத்தில் வாசிப்புத் தேர்வு நடந்தது. நீ படித்தபோது இதெல்லாம் கிடையாது. எல்லாப் பள்ளிக்கும் ஒரே பத்தி, ஒரே கேள்விகள், ஒரே விதி. பிள்ளையை எதிரே உட்கார வைத்து ஒரு நிமிஷம் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு நான் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருப்பேன். ஏதாவது ஒரு சொல்லில் பிள்ளை நின்றுவிட்டால் மூன்று நொடி பொறுக்கலாம். அதற்கு மேலும் நின்றால் அந்தச் சொல்லின் மேல் கோடு போட்டு, சொல்லை நாமே எடுத்துக் கொடுத்து, அடுத்ததற்கு நகர்த்திவிட வேண்டும். தலையாட்டக் கூடாது, "அப்படித்தான் கண்ணு" என்று சொல்லவே கூடாது, என் வாய்க்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் இந்தத் தேர்வை நான் குறை சொல்ல மாட்டேன். முத்து முத்தாக எழுதும் பையன் ஒருவன் பாடத்தை எல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்கிறானே தவிர, புதிதாக ஒரு வரி கொடுத்தால் வாசிக்கத் தெரியாமல் முழிக்கிறான் என்று போன வருஷம் இதுதான் காட்டிக்கொடுத்தது. இப்போது அவன் நன்றாகவே வாசிக்கிறான்.

இந்த முறை மாட்டிக்கொண்டது ரேடியோ. வாயே மூடாத சின்னப் பெண், அதனால் வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர். அவளுடைய அப்பா உன்னைப் போலவே வேலைக்காக எங்கோ தொலைவில் இருக்கிறார், அடுத்த மாசம் வருவார் என்று மாசா மாசம் வகுப்புக்கே ஒலிபரப்புவாள். கொஞ்ச நாளாக அந்த ஒலிபரப்பு இல்லை. தேர்வுக்கு வந்த பத்தி என்ன தெரியுமா, மாலையில் பேருந்து வருகிறது, அப்பா இறங்குகிறார், மகள் ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொள்கிறாள். மடமடவென்று வாசித்துக்கொண்டு வந்தவள் 'அப்பா'வில் நின்றுவிட்டாள். தெரியாத சொல்லா அது? ஜன்னல் வழியாக வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நொடி ஆயிற்று, கோடு போட்டேன், அப்பா என்று எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வரியிலும் அப்பா, அதிலும் நின்றாள். பாதிப் பத்தி தாண்டுவதற்குள் நிமிஷம் முடிந்துவிட்டது. பிறகு கேள்வி, அப்பா எப்போது வந்தார் என்று. மாலையில் என்று சொன்னால் மதிப்பெண். அவள் என்னை நேராகப் பார்த்து, "இன்னும் வரல டீச்சர்" என்றாள். விதிப்படி தவறு என்று போட்டேன்.

இந்த மதிப்பெண்ணுக்குத் தோழிகளை எல்லாம் விட்டுப் பிரித்து, பின்கட்டடத்தில் நடக்கும் தனி வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். ஏற்கெனவே ஒருவரைப் பிரிந்து நிற்கிற பிள்ளை. இரண்டாவது பத்தி கொடுக்கலாம் என்று தலைமையாசிரியையிடம் போய்க் கேட்டேன், சந்தேகம் இருந்தால் கொடுக்க விதியில் இடம் உண்டு. "உங்களுக்கு இரக்கம் வந்துடுச்சு டீச்சர், அதுக்கெல்லாம் இந்த மார்க் ஷீட்டுல கட்டம் கிடையாது" என்று சிரித்தார். இரக்கம் இல்லை மேடம், அளந்தது வாசிப்பைத்தானா என்று சந்தேகம் என்றேன். அரைமனதாகச் சம்மதித்தார், ஆனால் இதை நான் நடத்தக் கூடாது, பக்கத்து வகுப்பு ஆசிரியைதான் நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதுவும் நியாயம்தான். நான் வராந்தாவில் தண்ணீர் வராத குழாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றேன். இந்தப் பத்தியில் ஓர் ஆடு யாருடைய குடையையோ தின்றுவிடுகிறது. உள்ளேயிருந்து ஒரே ஓட்டமாக வாசிக்கிற சத்தம், நடுவில் அவளுடைய சிரிப்பு. தன் வகுப்பிலேயே இருந்துவிட்டாள். மறுநாளே மறுபடி ஒலிபரப்பு, அந்த ஆட்டைப் பற்றி. அப்பாவைப் பற்றி மட்டும் இன்னும் ஒன்றும் இல்லை.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. எப்போது வருகிறாய் என்று நான் கேட்டதும் நீயும் போனில் நின்றுவிடுகிறாய். மூன்று நொடிதான், அதற்குள் "லீவு கிடைச்சிருக்காது, பரவாயில்லப்பா, மெதுவா வா" என்று நானே எடுத்துக் கொடுத்து, தண்ணி மோட்டார், அப்பாவின் கண்ணாடி என்று நகர்ந்துவிடுகிறேன். நீயும் தப்பித்தோம் என்று ஆமாம் போடுகிறாய். பெரியவனே, பரவாயில்லை என்று ஒவ்வொரு முறையும் சொன்னது நான்தான், நீ ஒரு முறையும் சொல்லவில்லை. ஆனால் அது பொய். உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எட்டிப் பார்க்கிறேன். நீ சாப்பிட்ட தட்டை வேறு யாருக்கும் போடுவதில்லை.

வேளைக்குச் சாப்பிடு, படுக்கையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு முதுகைக் கெடுத்துக்கொள்ளாதே, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நோய் நொடி அண்டாமல் நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை போனை மறந்துவிடாதே. அந்தக் கேள்வியை மறுபடி கேட்பேன். வர முடியாது என்றாலும் அதை உன் வாயால் சொல்லு. நீ எவ்வளவு நேரம் நின்றாலும் சரி, இந்த முறை நான் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
போனைக் காதிலேயே வைத்திருக்கப்போகும்
உன் அம்மா