தண்ணீருக்கு அடியில் இருந்த ரோடு

9-10-1954, சனி

என் லாரியின் பின் ஸ்பிரிங்கில் மெயின் பட்டை மறுபடி ஒடிந்தது. இந்த வருடத்தில் மூன்றாவது. மாமல்லபுரம் பக்கமிருந்து சவுக்குக்கட்டை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு திரும்பும் வழி. கால்வாயைத் தாண்டியதும் வரும் தரைப்பாலத்தில் ஒரு பள்ளம் — எருமைக்கன்று படுத்துக்கொள்ளலாம். இடது சக்கரம் இறங்கியதும் வெடி வெடித்த மாதிரி சத்தம். மெக்கானிக் ஏசுதாஸ் கூட வந்திருந்ததால் பிழைத்தேன். மூன்று மணி நேரம் வண்டிக்கு அடியில் கிடந்து, மரத்துண்டு வைத்துக் கட்டி, எப்படியோ ஊர் சேர்த்தான்.

அங்கே இருபது வருடமாகச் சாலை வேலை செய்கிறவள் ஒருத்தி, செங்கம்மாள். பாலத்தை ஒட்டித்தான் குடிசை. கூடையில் செம்மண் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தில் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"மண்ணக் கொட்டி யார ஏமாத்துற? ஒரு மழைக்கு நிக்குமா இது?"

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. "கல்லு குடுத்தா கல்லு கொட்டுவேன் பாய். மண்ணுதான் குடுத்தாங்கோ. பள்ளத்த அப்டியே வுட்டுட்டு வூட்டுக்குப் போவ சொல்றியா?"

அவள் சொன்னது நியாயம்தான். அதனால் இன்னும் கொஞ்சம் கத்திவிட்டு வந்தேன்.

13-10-1954

ஏசுதாஸ் புதுப் பட்டை போட்டான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலம்விட்ட வண்டி இது. பத்துப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. பாரம் ஏறினால் எல்லாம் சேர்ந்து குனிகின்றன, இறக்கினால் சேர்ந்து நிமிர்கின்றன. ஏழு வருடமாக ஓட்டுகிறேன், இதை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை. எவன் யோசித்திருப்பான் இதை!

வீட்டில் மனைவி லத்தீஃபாவிடம் சொன்னேன். "என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப கூட நீங்க இப்டிப் பாக்கல" என்றாள்.

3-11-1954

மழை பிடித்துவிட்டது. சவாரி இல்லை.

20-11-1954, சனி

புயல். எங்கள் கூரை ஓடுகளில் பாதி தெருவில் கிடக்கிறது. கடலோரத்திலிருந்து ஒரு செய்தியும் இல்லை.

23-11-1954

தாலுகா அலுவலக ஆள் வீட்டுக்கு வந்தார். கடற்கரைக் குப்பங்களில் சோறில்லை, காலரா கண்டிருக்கிறதாம். நாற்பது மூட்டை அரிசியும் ஊசி போட ஒரு நர்சும் போக வேண்டும். காலையில் போன ஜீப் தரைப்பாலத்துத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. "உயரமான வண்டி உங்களதுதான் பாய்" என்றார்.

ஏசுதாஸ் குனிந்து பார்த்தான். வலது பக்கத்துப் பட்டை ஒன்றில் கீறல். "தாங்கும்னு சொல்ல மாட்டேன். தாங்காதுன்னும் சொல்ல மாட்டேன்."

லத்தீஃபாவும் வந்து கீறலைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "அங்க இருக்கறவங்க சாப்ட்டு மூணு நாளாச்சுல்ல?" என்றாள். அவ்வளவுதான்.

24-11-1954, புதன்

இன்னும் சாப்பிடக்கூட இல்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

விடியலில் சுப்ஹு தொழுதுவிட்டுக் கிளம்பினோம். என் பக்கத்தில் நர்ஸ் சாராள், மடியில் மருந்துப் பெட்டி. மூட்டைகள் மேல் ஏசுதாஸ். தரைப்பாலம் இருந்த இடத்தில் பாலம் இல்லை — கண்ணுக்கெட்டிய மட்டும் காவிநிறத் தண்ணீர், ஓடிக்கொண்டிருந்தது. எது ரோடு, எது வயல்? ஓரக்கற்கள் கூட முழுகிவிட்டன. ஓரத்தில் ஆள் உயரம் இறக்கம். ஒரு சக்கரம் பிசகினால் வண்டி, அரிசி, நாங்கள், எல்லாம் போச்சு.

ஏசுதாஸ் ஃபேன் பெல்ட்டைக் கழற்றினான். ஃபேன் சுற்றித் தண்ணீரை இன்ஜின்மேல் வாரி அடிக்காமல் இருக்க. சைலன்சரில் தண்ணீர் புகாமல் ஒரு குழாயை மேல்நோக்கி மாட்டினான். "நடுவுல ஆக்சிலேட்டர்லருந்து கால எடுக்காதீங்க பாய். நின்னா அவ்ளோதான்." எடுக்க மாட்டேன். ஆனால் எந்தப் பக்கம் போவது?

மேட்டில் கோணிக்கு அடியிலிருந்து செங்கம்மாள் எழுந்து வந்தாள். அவள் குடிசை இருந்த இடம் தெரியவில்லை.

"இன்னா ஏத்தினு வந்துகீற பாய்?"

சொன்னேன். புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டாள். கடப்பாரையை எடுத்தாள். "என் முதுவப் பாத்துகினே வா. தண்ணியப் பாக்காத, தல சுத்தும்."

இறங்கிவிட்டாள். இடுப்பளவு தண்ணீர். பின்னாலேயே நான், முதல் கியரில்.

திரும்பிப் பார்க்காமல் கத்திக்கொண்டே நடந்தாள். "எடது ஒடி. ஆடில ரொப்புன பள்ளம், மண்ணு கரைஞ்சிருக்கும்... இப்ப நேரா. இங்க கல்லு கீது, தெகிரியமா வா... வலது, வலது!" அவள் சொன்ன இடத்தில் எல்லாம் சக்கரத்துக்கு அடியில் தரை இருந்தது. யா அல்லாஹ் — கண்ணால் பார்த்து ஓட்டிய நாட்களில் கூட இந்த ரோடு என்னை இவ்வளவு பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போனதில்லை.

ஒரு இடத்தில் சட்டென்று கழுத்துவரை இறங்கினாள். சாராள் அலறிவிட்டாள். நான் காலை எடுக்கப் போனேன். மேலிருந்து ஏசுதாஸ், "எடுக்காதீங்க!" கடப்பாரையை ஊன்றி எழுந்தவள், "இது என் பள்ளமில்ல, புதுசு! சுத்தி வா!" என்றாள்.

கரையேற முக்கால் மணி நேரம். நான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். சாராள் முதல் ஊசியைச் செங்கம்மாளுக்குப் போடப் போனாள். அவள் கையை இழுத்துக்கொண்டாள். "நோவுமா நர்சம்மா?"

இரண்டு குப்பத்திலும் அரிசி இறக்கினோம். சாராள் அங்கேயே தங்கிவிட்டாள். திரும்பும்போதும் செங்கம்மாள்தான் முன்னால் நடந்தாள். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். "வரேம்மா" என்றேன். இருபது வருடம் அவள் மிதித்த ரோட்டில், நான் அவளைப் பார்த்துக் கத்தினேன்.

5-12-1954

தண்ணீர் வடிந்துவிட்டது. கல் கேட்டு மனு எழுத நோட்டோடு போனேன். எங்கெங்கே பள்ளம் என்று அவளைக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: எந்தப் பனைமரத்துக்கு நேரே, எத்தனை முழம், எவ்வளவு ஆழம். நாற்பத்து மூன்று பள்ளம். பிறகு நடந்து போய் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்று கூடப் பிசகவில்லை.  கீழே அவள் கைநாட்டு, என் கையெழுத்து, ஏசுதாஸ் கையெழுத்து.

11-1-1955, செவ்வாய்

மனுவில் கேட்ட ஜல்லி வந்துவிட்டது. ஏற்றிப்போக என் லாரியையே வைத்துக்கொண்டார்கள். தரைப்பாலத்தில் செங்கம்மாள் கூடையோடு காத்திருந்தாள். சாலை மேஸ்திரி குடைக்கு அடியில் நின்று, "எல்லாத்தையும் இங்கியே கொட்டுப்பா" என்று கை காட்டினார். பின்கதவைத் திறக்கப் போன ஏசுதாஸ், "எங்க பாய் கொட்டறது?" என்றான்.

நான் இன்ஜினை நிறுத்தாமல், செங்கம்மாள் என்ன சொல்கிறாள் என்று பார்த்தேன்.